லால்பாக்கில் ஒரு கல் பெஞ்ச்: முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்த அனுபவம்

பெங்களூர் லால்பாக்கில், ஏரியைப் பார்த்தபடி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் கிடக்கும் கல் பெஞ்சைப் பற்றி எழுதுகிறேன். சாய்மானம் கிடையாது, கைப்பிடி கிடையாது. இரண்டு கல் கால், மேலே நீளமாக ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் கால் தரையைத் தொடாத வயதில் உட்கார ஆரம்பித்தேன், இன்றும் வில்சன் கார்டனிலிருந்து அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றாக உழைத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மர பெஞ்ச் மழையில் ஊறி இற்றுப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், சிமென்ட் பெஞ்ச் பார்க்கத் திடமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, ஒரு நாள் ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். இந்தக் கல்லுக்கு அப்படி எதுவும் வரவில்லை. நடுப்பகுதியில் மட்டும் உளித்தடம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஓரத்தில் இன்னும் சொரசொரப்புதான், நல்ல புடவை கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்காராதீர்கள், நூலை இழுத்துவிடும். அதே தோட்டத்தில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு சுமார் 300 கோடி வயது என்கிறார்கள். சின்ன வயதில் அப்பா அதைச் சொன்னபோது நம்பவே முடியவில்லை, இந்த பெஞ்சுக்கும் அதே வயதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கல் சூட்டை மெதுவாக வாங்கும், மெதுவாகத்தான் விடும். ஏப்ரலில் நிழல் விழாத முனை சாயங்காலம் ஆறு மணிக்கும் சுடும். டிசம்பர் காலையில் சில்லென்று முதுகுவரை ஏறும். அதனால் அம்மா எப்போதும் ஒரு பழைய துண்டை மடித்து எடுத்து வருவாள், நானும் அதையே செய்கிறேன். மழைக்காலத்தில் மரத்தடி என்பதால் சீக்கிரம் காயாது, பாசி பிடிக்கும், துண்டு இருந்தாலும் ஈரம் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா, அம்மா, தம்பி, நான், நாலு பேரும் நடந்தே போவோம். அப்பா பெஞ்சின் ஒரு முனையில் தமிழ்ப் பேப்பரை விரித்துக்கொள்வார். மறு முனையில் கன்னடக்காரத் தாத்தா ஒருவர், பெயர் கடைசிவரை தெரியாது, எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விடுவார். கார்த்திகையில் பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷைக்கு, அதாவது நிலக்கடலைச் சந்தைத் திருவிழாவுக்கு, போய்விட்டு வரும் வழியில், மடியில் நிலக்கடலையோடு அங்கே வந்து உட்கார்ந்து, தாத்தாவுக்கும் ஒரு கை கொடுத்து, எல்லோருமாக உரித்துத் தின்போம். தோலைக் கீழே போட்டால் அம்மா அடிப்பாள், எல்லாம் திரும்பப் பையில்தான் போக வேண்டும்.

1991 டிசம்பரில், தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடச் சொன்ன நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி, இந்த ஊரில் தமிழர்கள் மேல் கலவரம் நடந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் நாங்கள் வாசலைத் தாண்டவில்லை. மறுபடி லால்பாக் போன அன்று அப்பா கையில் பேப்பர் இல்லை, எங்களையும் வழியில் சத்தமாகப் பேசாதே என்றார். பெஞ்சில் தாத்தா இருந்தார். வழக்கம்போல நகர்ந்தார். "பேப்பர் எல்லி?", பேப்பர் எங்கே என்று கன்னடத்தில் அப்பாவைக் கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் சிரித்தார், அடுத்த ஞாயிறு பேப்பரோடுதான் கிளம்பினார். இந்த ஊர் எங்கள் ஊரும்தான் என்று எனக்கு மனதில் பதிந்தது அந்தக் கல்லில் உட்கார்ந்தபோதுதான், வேறு எந்த இடத்திலும் இல்லை.

அப்பாவும் இல்லை, அந்தத் தாத்தாவும் இல்லை. இப்போது அம்மாவையும் என் பையனையும் கூட்டிப் போகிறேன். பையனுக்குக் கச்சிதமாக இருக்கும் அதே உயரம் அம்மாவுக்குச் சிரமம், மூட்டு வலிக்காரர்களுக்கு எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும், இதில் ஒன்றும் இல்லை. நான் தோள் கொடுக்கிறேன், தனியாக வரும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கைப்பிடியும் சாய்மானமும் உள்ள பெஞ்சுகளைத் தோட்டக்கலைத் துறை ஏரிப் பக்கம் இன்னும் நிறையப் போட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இதை எடுத்துவிட்டு அல்ல, இதன் பக்கத்தில். சாய்மானம் இல்லாததால்தான் இதில் இரண்டு பக்கமும் உட்காரலாம், ஒருவர் ஏரியைப் பார்க்க இன்னொருவர் பாதையில் ஓடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் தாயம் ஆடியிருக்கிறோம்.

போவதென்றால் வார நாளில் காலை ஏழு மணி சுமாருக்குப் போங்கள், துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் வந்தால் ஊன்றுகோலும். ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது கண்ணாடி மாளிகையிலிருந்து வழியும் கூட்டத்தில் எந்த பெஞ்சிலும் இடம் கிடைக்காது.