குடல் அறுவையில் ஒளிரும் சாயக் கேமரா: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பெருங்குடலில் கெட்ட பகுதியை வெட்டியபின் மீதி இரண்டு முனைகளையும் இணைக்கும்போது, அங்கே ரத்தம் சரியாக வருகிறதா என்பதுதான் எங்களை உறுத்தும் கேள்வி, ஏனென்றால் வராவிட்டால் இணைப்பு விட்டுப்போய் மலம் வயிற்றுக்குள் கசியலாம். இண்டோசயனின் கிரீன் சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு அகச்சிவப்புக் கேமராவைத் திருப்பினால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் திரையில் ரத்தம் வரும் இடமெல்லாம் குடல் பச்சையாக ஒளிர்கிறது. ஒருமுறை, கண்ணுக்கு நல்ல இளஞ்சிவப்பாகத் தெரிந்த முனையில் கடைசி 2 செ.மீ. இருட்டாகவே நின்றது, அதையும் வெட்டிவிட்டுத்தான் இணைத்தோம். குறையும் உண்டு: எவ்வளவு ஒளிர்ந்தால் போதும் என்பதைப் பெரும்பாலும் கண்ணால்தான் முடிவு செய்கிறோம், கேமராவின் தூரம் மாறினால் ஒளியும் மாறுகிறது. தாமதித்தால் பக்கத்திலிருந்து சாயம் பரவி, ரத்தம் சரியாக வராத இடமும் ஒளிர்ந்து ஏமாற்றிவிடும். அப்புறம், சாயத்தில் அயோடைடு இருப்பதால் ஒவ்வாமை பற்றி முன்பே கேட்டுவிடுங்கள்.