மெக்கானிக்கல் மோட்டா, ரெகுலேட்டட் மோட்டா? பற்றரியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வேப் (மின்சிகரெட்) பாவிப்பது உடலுக்கு நல்லதா என்ற கேள்வியை இங்கே எடுக்கப் போவதில்லை. அதைச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பாவிப்பவர்கள் அடுத்த கருவியை வாங்கும் முன் கேட்கும் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்: மின்னணுச் சுற்று எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மோட்டை (மோட் என்பது மின்சிகரெட்டின் பற்றரியும் பொத்தானும் உள்ள பகுதி) எடுப்பதா, உள்ளே கட்டுப்பாட்டுப் பலகை உள்ள ரெகுலேட்டட் மோட்டை எடுப்பதா? இரண்டையும் பாவித்த பின்னர், இரண்டு 18650 கலங்கள் (உருளை வடிவ லிதியம் அயன் பற்றரிகள்) போடும் ரெகுலேட்டட் மோட் ஒன்றோடு நின்றுவிட்டேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்திருக்கும்.

தோற்றம், ஆவியின் அளவு, சுவை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பித்தளையிலோ செம்பிலோ கடைந்த மெக்கானிக்கல் குழாய் கையில் எடுத்தாலே கனமாகவும் அழகாகவும் இருக்கும்; முழுச் சார்ஜ் உள்ள கலத்தோடு முதல் சில இழுப்புகளில் அது தரும் வேகத்தையும் மறுக்க முடியாது. பழுதடைவதற்கு அதில் பலகையும் இல்லை, திரையும் இல்லை. ஆனால் பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் அதில் எதுவும் இல்லை என்பதுதான் பற்றரி விடயத்தில் கவனிக்க வேண்டியது.

கணக்கு எளிமையானது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதியே போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிய லிதியம் அயன் கலத்தின் வோல்ற்றளவு 4.2. கொயிலின் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளின்) தடை 0.5 ஓம் என்றால் ஏறத்தாழ 8.4 அம்பியர் மின்னோட்டம் பாயும், 0.2 ஓம் என்றால் 21 அம்பியர், 0.15 ஓம் என்றால் 28 அம்பியர், 0.1 ஓமுக்கு இறங்கினால் 42 அம்பியர். சம்சுங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்ற நல்ல கலங்களுக்கே தொடர் மின்னோட்ட எல்லை 20 அம்பியர்தான். மெக்கானிக்கல் மோட்டில் இந்த எல்லையை யாரும் காக்கப் போவதில்லை. கொயில் கேட்பதைக் கலம் கொடுக்கும்; கொடுக்க முடியாமல் போனால் சூடேறும்; சூடு ஒரு கட்டத்தைத் தாண்டினால் கலத்தின் உள்ளே நடக்கும் இரசாயனத் தாக்கம் தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். அதன் பின் பொத்தானை விட்டாலும் பயனில்லை. ரெகுலேட்டட் மோட்டின் பலகையோ, பொத்தானை அழுத்தியதும் முதலில் கொயிலின் தடையைப் பார்க்கும். தடை மிகக் குறைவாகவோ குறுஞ்சுற்றாகவோ இருந்தால் மின்னைத் திறந்துவிட மறுத்து, திரையில் எச்சரிக்கை காட்டும். கலம் ஏறத்தாழ 3.2 வோல்ற்றுக்கு இறங்கினால் தானாகவே நிறுத்தும். சட்டைப்பையில் பொத்தான் அமுங்கிக் கிடந்தால் 10 வினாடி அளவில் துண்டித்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட என் தீர்ப்பை முடிவுசெய்தது கலத்தின் மேலுள்ள பிளாஸ்ரிக் உறை. 18650 கலம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து அதன் நேர்முனைப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள சிறிய தொப்பி மட்டுமே நேர்முனை. அதைச் சுற்றியுள்ள விளிம்பு, பக்கச் சுவர், அடிப்பகுதி எல்லாம் எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய காவல் வளையமும், விளிம்பின் மேல் சுருங்கி ஒட்டியிருக்கும் தாள் போன்ற உறையும்தான். சார்ஜரில் போட்டு எடுக்கும்போது நகம் பட்டு அந்த விளிம்பில் ஒரு சிறு கிழிசல் விழுவது சாதாரணம். மெக்கானிக்கல் குழாயிலோ அந்த உலோகச் சுவரே மின்பாதையின் ஒரு பகுதி. பக்கச் சுவரில் உறை கிழிந்து உலோகம் குழாயைத் தொட்டால், பொத்தான் என்ற ஒன்று இல்லாததுபோல் கொயில் தானாக எரியத் தொடங்கும். மேல் விளிம்பில் கிழிந்து, அங்கே உள்ள தொடுகையோடு இரு முனைகளும் சேர்ந்துவிட்டால் இடையில் கொயில்கூட இல்லாத நேரடிக் குறுஞ்சுற்று.

ஹைபிரிட் மேற்பகுதி கொண்ட மோட்களில் இது இன்னும் கூர்மையாகிறது. அவற்றில் அற்றோமைசரின் (கொயில் இருக்கும் மேற்பகுதியின்) நடு ஊசி கலத்தின் நேர்முனையை நேரே தொட வேண்டும். அந்த ஊசி சுற்றியுள்ள மரைப் பகுதியை விட வெளியே நீண்டிருக்காவிட்டால், எதிர்முனையோடு இணைந்த மரையும் நேர்முனையில் அமரும். இப்படிப்பட்ட மோட்டுக்கு எல்லா அற்றோமைசரும் பொருந்தாது. மரை ஏறுகிறது என்பதற்காகப் பூட்டிவிடவும் கூடாது. சூடேறிய கலத்தில் இருந்து வாயு வெளியேறத் துளைகள் இல்லாத குழாயாக இருந்தால் அதைக் கையால் தொடவே வேண்டாம் என்பேன்.

ரெகுலேட்டட் மோட்டிலும் கிழிந்த உறை ஆபத்துத்தான். ஆனால் பெரும்பாலான பெட்டி மோட்களில் கலம் அமரும் குழியின் சுவர் பிளாஸ்ரிக்கால் ஆனது. கலத்தின் பக்கம் மின்பாதையில் இல்லை. ஆகவே, ஒரே கிழிசல் ஒன்றில் விபத்தாகவும் மற்றொன்றில் பெரும்பாலும் மாற்ற வேண்டிய உறையாகவும் முடிகிறது.

கொழும்பில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கலம் தேடிப் போனால், 9900 எம்.ஏ.எச் (மில்லி அம்பியர் மணி, கலத்தின் கொள்ளளவு) என்று அச்சிட்ட 18650 கலங்களைக் காட்டுகிறார்கள். "தம்பி, இதுதான் இருக்கிறதிலேயே பெரிசு, யோசிக்காம எடுங்க" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அச்சிட்டிருப்பதை நம்பினார். அந்த அளவிலான கலத்தில் நம்பகமான உற்பத்தியாளர்கள் தருவது வழமையாக 3500 எம்.ஏ.எச் அளவுதான், அதிலும் அதிக மின்னோட்டம் தரும் வகைகளில் கொள்ளளவு 2500, 3000 என்று குறைந்தே இருக்கும். நல்ல கலம் 45 கிராம் அளவு நிறுக்கும். கையில் பஞ்சுபோல் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய மடிக்கணினிப் பொதிகளில் இருந்து கழற்றிப் புதிய உறை போட்ட கலங்களை உறையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கலத்தின் உண்மையான எல்லை தெரியாத இடத்தில், அந்த எல்லையைக் கணக்கிட்டுத்தான் மெக்கானிக்கல் மோட் பாவிக்க வேண்டும் என்பது எனக்குப் பொருந்தவில்லை.

பராமரிப்பும் இங்கே கூடுதல் வேலை கேட்கிறது. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு யன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகம் தெரியும்; பித்தளையும் செம்பும் அதே காற்றில் கறுக்கின்றன. கறுத்த தொடுகையில் தடை கூடும், அந்த இடமே சூடாகும். மரைகளையும் பொத்தானின் தொடுகையையும் அடிக்கடி துடைக்க வேண்டும். கொயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓம் மீற்றரில் வைத்துப் பார்க்க வேண்டும். பையில் போடும் முன் பொத்தானின் பூட்டைத் திருக வேண்டும். ஒழுங்கானவர்களால் இது முடியும். ஆனால் நெரிசலான 155 பஸ்ஸில் இருந்து இறங்கும் அவசரத்திலும் அதே ஒழுங்கு இருக்குமா என்பதை ஒவ்வொருவரும் தங்களைத் தாங்களே கேட்க வேண்டும்.

ரெகுலேட்டட் மோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் நான் சொல்லவில்லை. அதன் கணக்கு வேறு விதமானது: கேட்ட உவாற்றை விடாமல் தருவதற்காக, கலம் இறங்க இறங்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஒற்றைக் கலத்தில் 60 உவாற்று வைத்தால், 3.2 வோல்ற்றில், பலகையின் வினைத்திறனை 90 சதவீதம் என்று எடுத்தால், ஏறத்தாழ 21 அம்பியர். அதாவது 20 அம்பியர் கலத்தின் எல்லை தாண்டியாகிவிட்டது. இரண்டு கலங்கள் உள்ள மோட்டில் 80 உவாற்றுக்குக்கூட ஒவ்வொன்றும் 14 அம்பியருக்குள் நிற்கும். இரண்டு கலம் உள்ளதை நான் எடுத்த காரணம் இதுதான். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே கழிக்க வேண்டும்; புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது. பலகையும் பழுதாகலாம்: மின்னைத் திறந்து மூடும் மொஸ்பெற் திறந்தபடியே ஒட்டிக்கொண்டால் இதுவும் தானாக எரியும். சார்ஜ் செய்ய மோட்டில் உள்ள யுஎஸ்பி துளையை விடத் தனிச் சார்ஜரையே விரும்புகிறேன்.

அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 இறுதி வரை அந்நாட்டு ஊடகங்களில் வந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியது. அவற்றில் 61 சம்பவங்கள் கருவியோ உதிரிக் கலமோ சட்டைப்பையில் இருந்தபோது நடந்தவை. பாவிக்கும்போது நடந்தவை 60. இந்த எண்களை நான் மெக்கானிக்கல் மோட்டுக்கு எதிரான சாட்சியாக வைக்கவில்லை. பையில் சாவியோடும் பத்து ரூபாய்க் குற்றிகளோடும் கிடக்கும் உதிரிக் கலத்துக்கு மோட்டின் வகை ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டி. 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர் உயிரிழந்த சம்பவத்தில் வெடித்தது மெக்கானிக்கல் வகை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். 18650 கலங்களைத் தனித்தனியாக வாங்கிப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 ஜனவரியில் எச்சரித்ததும் இரு தரப்புக்கும் பொருந்தும், என் தரப்பு உட்பட.

இரண்டு கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மெக்கானிக்கல் குழாய்களைப் பற்றி அனுபவத்தில் இருந்து பேச என்னிடம் எதுவும் இல்லை. கணக்கு மட்டும் சொல்லலாம்: வோல்ற்றளவு 8.4 ஆகிறது, ஆகவே அதே கொயிலில் மின்னோட்டமும் இரட்டிக்கிறது.

ஏற்கெனவே மெக்கானிக்கல் மோட் வைத்திருந்து அதை விட மனமில்லாதவர்கள், 20 அம்பியர் கலத்துக்கு 0.3 ஓமுக்குக் கீழ் இறங்காமல் இருக்கலாம். அதில் முழுச் சார்ஜிலும் 14 அம்பியர்தான் பாயும், கலத்தின் மேல் அச்சிட்ட எண் ஓரளவு பொய்யாக இருந்தாலும் இடைவெளி மிஞ்சும். உறை விற்கும் கடைகளில் வெப்பத்தில் சுருங்கும் 18650 உறையும் காவல் வளையமும் கிடைக்கும். ஹெயார் டிரையர் சூட்டில் ஒன்றிரண்டு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், வளையத்தை மட்டும் மறக்காமல் உறைக்கு முன் வையுங்கள்.