தேனீ, குளவி கொட்டினால்: சுண்ணாம்பா, வெங்காயமா, ஐஸா?

கொட்டிவிட்டது என்று ஒரு அலறல் கேட்டால் போதும், வீட்டில் நாலு பேர் நாலு மருந்தோடு வந்து நிற்பார்கள். பாட்டி வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு, அம்மா நறுக்கிய வெங்காயம், பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய், காலேஜ் படிக்கிற பிள்ளை போனைப் பார்த்துவிட்டு சமையல் சோடா. கேட்டால் ஆளாளுக்கு "எனக்கு இதுலதான் சரியாச்சு" என்பார்கள். சரியாகியும் இருக்கும், சந்தேகமே வேண்டாம். ஒற்றைக் கொட்டு என்றால் அந்தக் கடுப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும், அதற்குள் எதைத் தடவியிருந்தாலும் பேர் அதற்குத்தான்.

மருந்துக்கு முன்னால் கொடுக்கு. தேனீயின் கொடுக்கில் முள் முள்ளாக இருப்பதால் தோலில் மாட்டிக்கொண்டு, தேனீ பறக்கும்போது அதன் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்துவிடும். உற்றுப் பார்த்தால் கறுப்பாக ஒரு சின்ன முள், அதன் தலையில் வெளிறிய ஒரு பை, தேனீ போன பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். பையிலுள்ள விஷத்தில் 90 சதவீதம் முதல் 20 விநாடிக்குள் இறங்கிவிடுகிறது, ஒரு நிமிடத்தில் பை காலி. ஏடிஎம் கார்டால் வழிக்க வேண்டும், கிள்ளினால் பை நசுங்கி விஷம் கூடுதலாக ஏறும் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 1996ல் இதைத் தங்கள் தோலிலேயே கொட்ட விட்டு அளந்து பார்த்த ஆய்வாளர்கள், வழித்தாலும் கிள்ளினாலும் தடிப்பு ஒரே அளவுதான், தாமதித்தால்தான் பெரிதாகிறது என்று கண்டார்கள். ஆகவே கார்டு தேட உள்ளே ஓடாதீர்கள், நகத்தாலேயே பிடுங்கிப் போடுங்கள். பிடுங்கியதும் இடத்தைக் காலி செய்யவும் வேண்டும், ஏனென்றால் கொட்டிய தேனீ விடுகிற வாசனை (கிட்டத்தட்ட வாழைப்பழ மணம்) மற்ற தேனீக்களையும் கூப்பிடும். குளவியின் கொடுக்கு வழவழப்பானது, பொதுவாக உள்ளே தங்காது, அதனால் அதே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். குளவி கொட்டிய இடத்தில் முள்ளைத் தேடி ஊசியால் குடைவது வீண் வேலை.

இப்போது சுண்ணாம்புக் கட்சி, புளிக் கட்சி. தேனீ விஷம் அமிலம், அதற்குக் காரமான சுண்ணாம்போ சோடாவோ. குளவி விஷம் காரம், அதற்குப் புளித்தண்ணியோ எலுமிச்சையோ என்று பள்ளி அறிவியல் பாடம் போலவே ஒரு கணக்கு ஓடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகாது. தேனீ விஷத்துக்கு அமிலத்தன்மை உண்டுதான், குளவி விஷமோ ஏறக்குறைய நடுநிலை. வலியைக் கொடுப்பது அந்தப் புளிப்பும் இல்லை, விஷத்திலிருக்கும் மெலிட்டின் போன்ற புரதங்கள். அவை ஊசி போட்ட மாதிரி தோலுக்கு அடியில் போய்விட்ட பிறகு, மேலே தடவுவது அங்கே போய்ச் சேருவதே இல்லை.

பலன் சமம் என்றால் கெடுதலை வைத்துத்தான் தரம் பிரிக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் சுண்ணாம்புக்குக் கடைசி இடம். ஈரச் சுண்ணாம்பின் பி.எச். 12ஐத் தாண்டும், தோலை அரிக்கிற அளவு. கெட்டியாக அப்பிக் காயவிட்டால், வெள்ளைப் பொருக்கை உரிக்கும்போது அடியில் செக்கச் செவேலென்று புண் இருக்கும். குழந்தைக்கு இமையிலோ கன்னத்திலோ கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு வைப்பது கொட்டியதைவிட ஆபத்து, கண்ணுக்குள் போனால் பார்வையே கெடலாம். மண்ணெண்ணெயும் தோலை எரிக்கும், சேறு கிருமியைக் கொண்டுவரும். வெங்காயமும் மஞ்சளும் பரவாயில்லை ரகம், பாட்டி மனசு நோகாமல் இருக்கத் தேய்த்துக்கொள்ளலாம், எதிர்பார்ப்புதான் கூடாது.

என் ஓட்டு ஐஸுக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் வலியும் மரத்துப்போகும், வீக்கமும் மட்டுப்படும். ஃபிரிட்ஜ் இல்லையா, பானைத் தண்ணியில் நனைத்த துணி போதும். கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தையும் வளையலையும் முதலில் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

அரிப்புக்கு செட்ரிசின், அவில் இரண்டுமே கேட்கும், அவில் போட்டால் தூக்கம் ஆளைத் தள்ளும், வண்டி ஓட்டக் கூடாது. மேலே பூச காலமைன் நல்லது. மறுநாள் வீக்கம் இன்னும் பெரிதாகி முழங்கை வரை ஏறினாலும் சீழ் வைத்துவிட்டது என்று பயந்து ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள், சிலருக்கு அது இரண்டு நாள் வரை ஏறி அப்புறம் ஒரு வாரத்தில் வற்றும்.

இத்தனையும் ஒன்றிரண்டு கொட்டுக்குத்தான். கதண்டு என்றும் கடந்தை என்றும் சொல்கிற பெருங்குளவியோ, பாறையிலும் உயரமான மரத்திலும் கூடு கட்டுகிற மலைத்தேனீயோ கூட்டமாக வந்து கொட்டினால் ஐஸா வெங்காயமா என்ற பேச்சுக்கே இடமில்லை. அவ்வளவு விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடும். அன்றைக்குத் தெம்பாக இருப்பவருக்குக்கூட அடுத்த நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகலாம், அதனால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க வேண்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும் அப்படியே.

ஒவ்வாமை இருப்பவருக்கு ஒரே கொட்டு போதும். கொட்டியது காலில், தடிப்பு உடம்பெல்லாம், கூடவே மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றல், வாந்தி என்றால் உடனே 108. அங்கே உயிரைப் பிடித்து நிறுத்துவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசினைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். வண்டி வரும் வரை ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஒருமுறை இப்படி ஆனவர் தோட்டம், கிணற்றடி என்று போகிறவராக இருந்தால், அட்ரினலினைக் கையோடு வைத்துக்கொள்வது பற்றி ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.