ஐந்து டிராக், ஒரே கலைஞர்: பாஸ் ஆர்சி-505 எம்கே2 லூப் ஸ்டேஷன்

குரல், கருவி, கைக்கு எட்டும் பொருள்களின் ஓசை என்று அடுக்கி, மேடையில் தனி ஆளாக ஒரு படைப்பை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த பாட்டொன்றை அதே முறையில் கவர் செய்து பதிகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கட்டாயம் பரிசீலிக்கும் கருவி பாஸ் ஆர்சி-505 எம்கே2: ஒலித்துணுக்கைப் பதிந்து, லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி. இது 2013-இல் வந்த ஆர்சி-505-க்கு அடுத்த பதிப்பு. மேசைமேல் வைத்துக் கையால் இயக்குவது. ஐந்து ஸ்டீரியோ டிராக் (தனித்தனி லூப் தடங்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஒரு ஃபேடர், 99 மெமரி, இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீடுகள். வாயாலேயே தாள ஓசை எழுப்பும் பீட்பாக்ஸ் கலைஞர்களிடையே பரவலாகப் புழங்குவதால், எல்லாமே தாளக் கட்டத்துக்குள் அடங்கும் என்ற எண்ணம் இதன் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. பரிசோதனை இசைக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த எண்ணத்தை மெனுவுக்குள் போய் முதலில் கலைத்தாக வேண்டும்.

கலைக்க வேண்டியவை இரண்டு: லூப் சிங்க், டெம்போ சிங்க். லூப் சிங்க் இயங்கும்போது டிராக்குகள் ஒன்றோடொன்று பிணைந்தே சுழலும். டெம்போ சிங்க் இயங்கும்போது வேகத்தை மாற்றினால் பதிந்த ஒலி இழுபட்டோ சுருங்கியோ அந்த வேகத்துக்கு வந்துவிடும். டிரம் வடிவத்துக்கு இது பரவாயில்லை. நீண்ட ரீங்காரத்தையோ மூச்சொலியையோ இழுத்தால் நடுக்கம் தெரியும். டிராக்வாரியாக இரண்டையும் அணைத்துவிட்டு, 7, 11, 13 வினாடி நீளத்தில் மூன்று லூப்களை ஓடவிடுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் மறுபடி சேர 1,001 வினாடி, அதாவது 16 நிமிடம் 41 வினாடி ஆகும். மூன்று சிறு துணுக்குகளை வைத்து ஒரு முழுப் படைப்பையே நடத்திவிடலாம். நீளங்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் இந்தப் பலன் போய்விடும்: 6, 9, 12 வினாடி என்று எடுத்தால் 36 வினாடியில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

கவர் பதிவுக்கு இதற்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் நான்கடித் தாளம் நான்கு பார் என்றால் 10.67 வினாடி. லூப்பை மூடும் விரல் பத்தில் ஒரு வினாடி தாமதித்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு தடுக்கல் கேட்கும். ரிதம் வழிகாட்டி (கருவியே ஓட்டும் தாளம்) இல்லாமல் பதிந்தால், முதல் லூப்பின் நீளத்திலிருந்துதான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. அங்கே பிசகினால் பின்னால் வரும் எல்லாமே அந்தப் பிசகையே பின்பற்றும். எனவே ரிதத்தை ஓடவிட்டு, லூப்பின் நீளத்தைத் தாளத்தோடு ஒட்டவைக்கும் குவாண்டைஸை இயக்கி, முதல் லூப்பைப் பதிய வேண்டும். ரிதம் ஒலி ஹெட்போனுக்கு மட்டும் போகும்படி ரூட்டிங்கில் அமைத்துவிட்டால் சபைக்கு அது கேட்காது. பதிவு முடிந்த கையோடு ஓவர்டப்புக்குள் (பதிந்ததன் மேலேயே அடுத்த அடுக்கைப் பதிவது) போவதா, பிளேக்குப் (வெறுமனே ஒலிப்பது) போவதா என்பதையும் ‘ரெக் ஆக்‌ஷன்’ பகுதியில் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிளே என்று வைப்பதே என் பரிந்துரை. ஓவர்டப் என்று வைத்தால் மூச்சு வாங்கும் சத்தமும் இருமலும் இரண்டாம் அடுக்காக ஏறிவிடும்.

எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுவது ஓவர்டப் முறையில்தான். மேலே சேர்ப்பது ஒன்று, பழையதை அழித்துப் புதியதை வைப்பதில் இரண்டு வகை: இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் பழைய அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும் வழி இவற்றில் இல்லை. கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் 1970-களில் இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களுக்கிடையே ஒரே நாடாவை ஓட்டிச் செய்த இசையின் உயிரே அந்த மங்கலில்தான் இருந்தது. பழையது விலகி இடம் விட்டால்தான் புதிய ஸ்வரம் காதில் விழும். இங்கே எட்டாவது அடுக்கில் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். மாற்று வழி உண்டு: கருவிக்கு முன்னால் ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் நீண்ட நேர டிலே பெடல் ஒன்றை வைத்து, அந்த ஒலி மறுபடி உள்ளே போகும் அளவான ஃபீட்பேக்கை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மறுசுற்றும் ஏறக்குறைய 1.9 டெசிபல் குறையும்; பத்துச் சுற்றில் 19 டெசிபல் இறங்கிவிடும். மங்கும் வேலையை டிலே பார்த்துக்கொள்ளும், நிலைத்து நிற்க வேண்டியது மட்டும் லூப்புக்குள் போகும்.

அடுத்தது மைக். கண்டென்சர் மைக்குக்கு (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) வேண்டிய ஃபாண்டம் மின்சாரத்தைக் கருவியே தருகிறது. ஆனாலும் ஸ்பீக்கர் அருகில் இருக்கும் மேடையில் கண்டென்சர் வேண்டாம். ஸ்பீக்கரில் ஓடும் லூப்பை மைக் மறுபடி கேட்கும். அதுவும் புதிய அடுக்கில் பதியும். அடுத்த சுற்றில் அதையும் சேர்த்துக் கேட்கும். நாலைந்து ஓவர்டப்பில் ஏதோ ஒரு அதிர்வெண் பெருத்து ஊளையிடத் தொடங்கிவிடும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை டைனமிக் மைக்கை வாயருகே வைத்து, ஹெட்போனில் கேட்டுப் பாடுவதே பாதுகாப்பு.

தகடு, கம்பி, பெட்டி போன்றவற்றின் அதிர்வைப் பிடிக்கப் பியசோ ஒட்டு மைக் பயன்படுத்துகிறவர்கள் அதை நேரே மைக் உள்ளீட்டில் செருகிவிட்டு, ஒலி தகர டப்பா போல இருக்கிறதே என்று வருந்துவது வழக்கம். பழி பியசோவுடையது அல்ல. சாதாரண பியசோ வட்டின் மின்தேக்கத்தை 20 நானோஃபாரட் என்று கொள்வோம். உள்ளீட்டு மின்மறுப்பு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். அதே வட்டு 1 மெகா ஓம் உள்ளீட்டைக் கண்டால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆகவே இடையில் 1 மெகா ஓமோ அதற்கு மேலோ உள்ளீடு உள்ள ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) அல்லது டிஐ பெட்டி (சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது) அவசியம்.

உள்ளே 32 பிட் ஃப்ளோட் (ஒலி பெருத்தாலும் எளிதில் உடையாத எண்முறை) என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். அது உள்ளே நடக்கும் கணக்குக்குத்தான் பொருந்தும். மைக் உள்ளீட்டில் ஒலி அளவு மீறி உடைந்தால் உடைந்ததுதான், வெளியீடு நிரம்பினாலும் அப்படியே. ஒரே அளவில் உள்ள ஐந்து வெவ்வேறு ஒலிகள் சேரும்போது 7 டெசிபல் கூடும். ஒரே ஒலியின் ஐந்து பிரதிகள் சேர்ந்தால் 14 டெசிபல். முதல் டிராக்கை உச்சத்தில் பதிந்துவிட்டு ஐந்தாவதுக்கு இடம் தேடக் கூடாது. உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும்.

எஃபெக்ட்கள் ஏராளம், தரமும் நன்று. பதிவு செய்கிறவர் அறிய வேண்டியது ஒரு வேறுபாட்டைத்தான்: இன்புட் எஃபெக்ட் ஒலியோடு சேர்ந்தே லூப்பில் பதிந்துவிடும், டிராக் எஃபெக்ட் ஒலிக்கும்போது மட்டும் மேலே பூசப்படும். யுஎஸ்பி வழியே கணினிக்கு எடுக்கும் வேவ் கோப்பில் டிராக் எஃபெக்ட் இருக்காது, ஃபேடரை ஏற்றி இறக்கியதும் இருக்காது. கவரை மிக்ஸ் செய்ய அந்தத் தனித்தனிக் கோப்புகள் வசதி. ஆனால் மேடையில் நிகழ்ந்த நிகழ்த்தல் அவற்றில் கிடையாது. பீட் ஸ்கேட்டர் எஃபெக்ட்டில் குரலைச் சிதறடித்த அந்தக் கணம் வேண்டுமென்றால், வெளியீட்டைத் தனி ரெக்கார்டரில் தொடக்கத்திலிருந்தே பதிந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வதே சரி.

வேவ் கோப்புகளை வெளியிலிருந்து ஏற்றவும் முடியும், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கவர் செய்யும்போது மூலப் பதிவின் துணுக்கை ஏற்றினால் அது கவர் ஆகாது, சாம்பிளிங் ஆகிவிடும்; அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். நீங்களே வாசித்துப் பதிந்தால் அந்தச் சிக்கல் எழாது.

மெமரியில் சேமிக்காமல் மின்சாரத்தை அணைத்தால் எல்லாம் போய்விடும். பேட்டரி வசதியும் இல்லை, அடாப்டர் பிளக்கைத் தரையில் யாராவது இடறினால் கதை முடிந்தது. கேபிளை மேசைக்காலில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தெருவில் வாசிக்க நினைப்பவர் தனி மின்மூலத்துக்கும் திட்டமிட வேண்டும்.

வயலினோ கிட்டாரோ வாசிக்கிறவருக்கு இரு கைகளும் ஓய்வாக இருக்காது. சிடிஎல் (வெளி விசைகளுக்கான) துளைகளில் எஃப்எஸ்-6 போன்ற இரட்டைக் கால்விசையை ஸ்டீரியோ கேபிளால் இணைத்தால், எந்த டிராக்கின் பதிவையும் நிறுத்தத்தையும் காலுக்குக் கொடுக்கலாம். மோனோ கேபிள் போட்டால் இரண்டில் ஒரு விசை வேலை செய்யாது. நான்கு விசைக்கு மேல் தேவைப்பட்டால் இதை விட்டுவிட்டு, ஆறு டிராக்கும் ஒன்பது கால்விசையும் கொண்ட ஆர்சி-600-ஐப் பாருங்கள். குரலும் பொருள்களும்தான் உங்கள் கருவி என்றால், விரல் நுனியில் ஐந்து ஃபேடர் இருக்கும் இந்த மேசைப் பதிப்பை அது ஈடுகட்டாது.