மலக்கசிவுக்கான பாதுகாப்பு உள்ளாடைகள்: ஏழாண்டுப் பயன்பாட்டில் நான் அறிந்தவை

எனக்கு இப்போது 55 வயது. தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு, திருவையாற்றுக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் பேருந்தில் சென்றுவரும் ஆசிரியை நான். 1996-இல் என் மூத்த மகனை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அப்போது கிழிந்த ஆசனவாய்ச் சுருக்குத்தசை, தையல் போட்ட பிறகும் முழுமையாகச் சேரவில்லை என்பது 2018-இல், மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து, மலம் அடங்காமல் கசியத் தொடங்கி, இரண்டாண்டுகளுக்குப் பின் மருத்துவரிடம் போனபோதுதான் தெரிய வந்தது. பிரசவக் காயம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொல்லை தராமல் இருந்துவிட்டு, வயதாகித் தசைகள் தளரும் காலத்தில் வெளிப்படுவது பல பெண்களுக்கு நேர்வதுதான் என்று மருத்துவர் விளக்கியபோது, அதுவரை என் மேல் ஏதோ குற்றம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த ஏழாண்டுகளில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வகைகளை வாங்கி அணிந்து பார்த்திருக்கிறேன். நம் மருந்துக் கடைகளில் நான் கண்ட உள்ளாடைகள் யாவும் சிறுநீரைக் கருத்தில் கொண்டு செய்யப்பட்டவை. மலத்துக்காகத் தேடுகிறவர் அவற்றுக்குள்ளேயே தமக்கு ஏற்றதைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வை எங்கிருந்து தொடங்குவது என்பதை அறிய எனக்கு மூன்றாண்டுகளும், ஓர் ஆசிரியைக்குச் சிறியதல்லாத தொகையும் செலவாயின.

முதல் சில மாதங்கள் மாதவிடாய் நாப்கினையே சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டேன். உட்கார்ந்த நிலையில் கசியும் மலம் பிட்டங்களின் இடுக்கு வழியே மேல்நோக்கிப் பரவும். நாப்கின் அங்கே எட்டுவதில்லை. ஒருநாள் பாவாடையைத் தாண்டிப் புடவையிலும் கறை படிந்துவிட்டது. சக ஆசிரியை ஒருவர், "வாங்கக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வருவோம்" என்று மட்டும் சொல்லி, எனக்குப் பின்னாலேயே ஒட்டி நடந்து கழிவறை வரை வந்தார். அன்று மாலையே மருந்துக் கடைக்குச் சென்று, பாக்கெட்டின் மேல் அதிக மில்லிலிட்டர் எண் போட்டிருந்த டயப்பராகப் பார்த்து வாங்கினேன்.

அந்த எண்தான் என்னை நெடுங்காலம் தவறான வழியில் கொண்டுபோனது. டயப்பரின் உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் ஜெல்துகள் நீரை இழுத்துத் தன்னுள் பூட்டிக்கொள்ளும். மலத்தில் உள்ள திடப்பொருளை அதனால் எதுவும் செய்ய இயலாது. கூழ் போன்ற மலம் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளை அடைத்துவிடுவதால், அதில் இருக்கும் நீர்கூட உள்ளே இறங்காமல் அங்கேயே நிற்கிறது. நாம் உட்கார்ந்ததும் உடல் எடை அதை அழுத்த, அது தொடையிடுக்கு வழியாகவோ முதுகுப்பக்கமாகவோ வெளியேறுகிறது. இத்தகைய பொருள்களின் கொள்ளளவைச் சோதிக்கும் பன்னாட்டு முறையான ஐஎஸ்ஓ 11948-இன் தலைப்பே சிறுநீர் உறிஞ்சும் சாதனங்களைப் பற்றியது என்பதைப் பின்னர் படித்தபோது, 1,500 மில்லி தாங்கும் என்று நம்பி அணிந்த தடித்த டயப்பரில் இரண்டு கரண்டி அளவு மலம்கூடத் தங்காமல் போனதன் காரணம் புரிந்தது. எனக்குச் சிறுநீர்க் கசிவு இல்லை. இரண்டும் உள்ளவர்களுக்கு அந்த எண் பயன்படும். எனக்கு அது வெப்பத்தையும் பருமனையும் மட்டுமே கூட்டியது.

மலத்தைத் தடுத்து நிறுத்துபவை தொடையோரத் தடுப்பு மடிப்பும், பின்புற இடுப்பு எலாஸ்டிக்கும், உடலோடு சரியாகப் பொருந்தும் அளவும்தான். தடுப்பு மடிப்பு என்பது உட்புறத்தில் இரு பக்கமும் சுவர்போல நிமிர்ந்து நிற்க வேண்டிய மெல்லிய துணிப்பட்டை. புதிதாகப் பிரித்த டயப்பரில் அது உள்நோக்கி மடிந்து படுத்திருக்கும். அணிவதற்கு முன் நீளவாக்கில் மடக்கி லேசாக இழுத்து, விரலால் அதை நிமிர்த்திவிட வேண்டும். அணிந்த பிறகு தொடையைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டி, மடிப்பு எங்கும் உள்ளே சிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. என் மாமனாரைப் பார்த்துக்கொள்ள வந்த செவிலியர் காட்டிக்கொடுத்தார். அந்த ஒரு செயலிலேயே என் கசிவுகளில் பாதிக்கு மேல் நின்றுபோயின.

அளவு எடுக்கும்போது இடுப்பை மட்டும் அளந்து வாங்குவது பெரும்பாலோர் செய்யும் பிழை. இடுப்பையும், பிட்டம் மிக அகன்ற இடத்தில் உள்ள சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து, இரண்டில் பெரியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். என் இடுப்பு 34 அங்குலம், பிட்டச் சுற்றளவு 41. ஒரு நிறுவனத்தின் மீடியமும் இன்னொன்றின் லார்ஜும் எனக்குப் பொருந்துகின்றன என்பதால், எழுத்தை விட்டுவிட்டு அங்குலத்தையே பார்க்கிறேன். பெரிய அளவு பாதுகாப்பு அதிகம் தரும் என்று நினைத்து ஓராண்டு முழுவதும் எக்ஸ்எல் அணிந்தேன். தொடையோரத்தில் விழுந்த இடைவெளி வழியாகத்தான் எல்லாம் வழிந்தது. மிக இறுக்கமாக இருந்தாலும் மலம் தங்க இடமின்றித் தோலோடு நசுங்கிப் பரவும். பின்பக்கம் உள்ளங்கை வைக்கும் அளவுக்குத் தொய்வும், தொடையோரத்தில் ஒரு விரல் மட்டும் நுழையும் பிடிப்பும் எனக்குச் சரியாக அமைந்திருக்கின்றன.

ஃப்ரெண்ட்ஸ், லைஃப்ரீ போன்ற பரவலாகக் கிடைக்கும் பெயர்களில் பேன்ட் வகையும், பக்கவாட்டில் ஒட்டும் வகையும் இருக்கின்றன. நடமாடுகிறவர்களுக்குப் பேன்ட் வகை என்றே பொதுவாகச் சொல்வார்கள். புடவை கட்டுபவளுக்கு அது உண்மை. பாவாடையைத் தூக்கிக்கொண்டு காலிலிருந்து ஏற்றிவிடலாம். கழற்றும்போது ஒருபோதும் கீழ்நோக்கி இழுக்கக் கூடாது, மலம் கால் முழுவதும் பூசிவிடும். இரு பக்கத் தையலையும் கிழித்து, முன்னிருந்து பின்னாக உருவி எடுக்க வேண்டும். ஆனால் சுடிதார் அணிந்து வெளியே செல்லும் நாளில் பேன்ட் வகையை மாற்ற வேண்டுமென்றால் கால்சட்டையை முழுவதும் கழற்ற வேண்டும். ஈரமான பேருந்து நிலையக் கழிவறையில் அதை எங்கே மாட்டுவது? அத்தகைய நாள்களுக்கு ஒட்டும் வகையை எடுத்துச் செல்கிறேன். சுடிதாரை முழங்கால் வரை இறக்கி, சுவரில் முதுகைச் சாய்த்து டயப்பரைப் பிடித்துக்கொண்டு, முதலில் கீழ்ப்பட்டைகளைச் சற்று மேல்நோக்கியும் பிறகு மேல்பட்டைகளைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் போதும். வீட்டில் பத்து முறை பழகிய பிறகே வெளியில் செய்ய வந்தது.

பக்கவாதத்தில் மூன்றாண்டுகள் படுக்கையில் இருந்த என் மாமனாருக்கு ஒட்டும் வகையைத் தவிர வேறொன்றும் ஒத்துவரவில்லை. அவர் விஷயத்தில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். நாளெல்லாம் நீர்நீராகக் கசிந்ததைப் பேதி என்று எண்ணி, பேதி நிற்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டோம். இறுகிய மலம் உள்ளே அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நீர்மலம் மட்டும் வழிந்திருக்கிறது என்பதை மருத்துவர் பரிசோதித்துக் கண்டறிந்தார். மாத்திரை அந்த அடைப்பைக் கூட்டியிருந்தது. முதியவர்களுக்குக் கசிவு வந்தால் டயப்பர் வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் தேர்வு ஒழுங்குக்கு வந்தது, பாக்கெட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் மலத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட அட்டவணை ஒன்று, மலத்தை அதன் வடிவத்தை வைத்து ஏழு வகையாகப் பிரிக்கிறது. தனித்தனிக் கட்டிகளாக இறுகியது ஒன்றாம் வகை, வழுவழுப்பாக உருண்டு நீண்டது நான்காம் வகை, குழைந்தது ஆறாம் வகை, வெறும் நீராகப் போவது ஏழாம் வகை. நான்காம் வகையாக இருக்கும் நாள்களில் எனக்கு டயப்பரே தேவைப்படுவதில்லை. இரண்டாக மடித்த, காயத்துக்குக் கட்டும் சிறிய காஸ் துணியை ஆசனவாயை ஒட்டி இடுக்கில் வைத்து, மேலே பொருத்தமான பருத்தி உள்ளாடை அணிந்தால், கசியும் சிறு துளியை அதுவே ஏந்திக்கொள்கிறது. அதை உள்ளே செருகக் கூடாது, வெளியே ஒட்டி வைக்க வேண்டும். ஆறாம் வகை நாள்களில் மெல்லிய பேன்ட் வகை. ஏழாம் வகை என்றால் எந்த உள்ளாடையையும் நம்பி நான் வெளியே போவதில்லை, விடுப்பு எடுத்துவிடுகிறேன்.

அதனால் மலத்தை நான்காம் வகைக்கு அருகில் வைத்திருப்பதே நான் அணியும் உள்ளாடையின் முதல் பகுதி என்று கருதுகிறேன். காலைக் காப்பியை விட்டேன். எனக்கு அது இருபதே நிமிடத்தில் குடலைக் கிளப்பிவிடுகிறது. மருத்துவர் சொன்னபடி இசப்கோல் உமியும், பயண நாள்களில் மட்டும் அவர் குறித்துக்கொடுத்த அளவில் லோபெரமைடு என்னும் பேதி நிறுத்தும் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த, ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியை ஆறு மாதம் விடாமல் செய்ததில், கழிவறைக்கு ஓடுவதற்கு முன்பு ஒரு நிமிடம் கிடைத்தது இப்போது ஐந்து நிமிடமாகியிருக்கிறது. வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல் நான் கழித்த இரண்டாண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

துவைத்துப் பயன்படுத்தும் நீர்புகாத் துணி உள்ளாடைகள் இரண்டு வாங்கினேன். இரவில், வீட்டில், சிறு கசிவுக்கு அவை மென்மையாக இருந்தன. மலக்கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டே துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகிறது என்பதால் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு மிகுந்த வேதனை தந்தது அதுதான். மலத்தில், குறிப்பாக நீர்த்த மலத்தில், கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை உணவைச் செரித்ததுபோலவே தோலின் மேற்படலத்தையும் அரிக்கின்றன. எனவே சிறுநீர் டயப்பரைப்போல நிறையும் வரை காத்திருக்கக் கூடாது, மலம் பட்டது தெரிந்த உடனே மாற்ற வேண்டும். ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உடையது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் என் தோலைப் புண்ணாக்கிக்கொண்டேன். கிருமிநாசினித் திரவத்தை நீரில் கலந்து கழுவியது அதைவிட மோசம். இப்போது வெறும் நீரில் கழுவி, பழைய வேட்டித்துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவுகிறேன். அடுத்த முறை கழுவும்போது மலம் பட்ட மேல்படிவை மட்டும் துடைத்தால் போதும், களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. களிம்பைத் தடிமனாகப் பூசினால் அது டயப்பரின் மேற்பரப்பில் அப்பி உறிஞ்சுதலைக் கெடுக்கிறது, ஒட்டுப்பட்டையும் பிடிக்காமல் போகிறது. பவுடர் வியர்வையில் திரண்டு உறுத்தியதால் கைவிட்டேன். வாசனை சேர்த்த டயப்பர்கள் எனக்கு அரிப்பைத் தந்தன. சிவப்புத் தடிப்பின் ஓரத்தில் சிறுசிறு புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும்.

பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பையில் இரண்டு பேன்ட் டயப்பர்கள், துணித்துண்டுகள், சிறு டப்பாவில் களிம்பு, ஒரு பாவாடை, கருப்பு உறைகள், செய்தித்தாள் ஆகியவை எப்போதும் இருக்கும். கழற்றிய டயப்பரிலுள்ள மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிட்டு, உள்நோக்கிச் சுருட்டி ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி உறையிலிட்டுக் கட்டுகிறேன். திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்று வகைப்படுத்தி, சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. வெறுங்கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரை நினைத்து உறையின் மேல் பேனாவால் 'டயப்பர்' என்றும் எழுதிவிடுகிறேன்.

ஒரு பேன்ட் டயப்பர் எனக்கு 40 முதல் 55 ரூபாய் வரை ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர்கள் மீதான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது சிறு ஆறுதல். தொடக்கத்தில் மாதம் அறுபது டயப்பர்களுக்கு மேல் பயன்படுத்தினேன்; இப்போது இருபதுக்குள் முடிகிறது.

இன்னும் தீராத குறை, நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்யும்போது முதுகுப்பக்கமாக ஏறும் கசிவு. பின்புற எலாஸ்டிக்கை இன்னும் இரண்டு விரல் உயர்த்தி, அதன் உட்புறத்திலும் ஒரு தடுப்பு மடிப்பு வைத்த உள்ளாடை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சென்னைக்கு மகனைப் பார்க்கச் செல்லும்போது, கழிவறையும் எழுந்து நிற்க இடமும் இருப்பதால், பேருந்தை விட்டுவிட்டு ரயிலில்தான் செல்கிறேன்.