கவிழாது என்று நம்பி வாங்கிய கப் ஸ்டாண்டும், நனைந்துபோன என் லேப்டாப்பும்

கப், டம்ளர், பாட்டில் எதை வைத்தாலும் 'தள்ளினாலும் கவிழாது' என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அடியில் ரப்பர் வைத்த வட்டமான ஸ்டாண்ட், அதை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் எழுந்து போய், லேப்டாப் பக்கத்தில் இருக்கும் கப்பைத் தள்ளி வைத்துவிட்டு வந்து படியுங்கள். அவ்வளவு அவசரமா என்றால், ஆமாம்.

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். பாத்திரம் கவிழ்வது எங்களுக்குத் தினப்படிச் சங்கதி. வாட்டர் பாத்தில் (சூடான தண்ணீர்த் தொட்டி) வைக்கிற கூம்புக் குடுவைக்குள் திரவம் கொஞ்சமாக இருந்தால் அது மிதந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிடும். அதற்காகப் பிளாஸ்டிக் பூசிய ஈய வளையம் ஒன்றைக் கழுத்து வழியாக மாட்டிவிடுவோம். கனம் ஏறியதும் குடுவை அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். உருண்டை அடிக் குடுவை என்றால் கார்க் வளையத்தில் வைப்போம். கனம் கீழே இருக்கணும், அடி அகலமாக இருக்கணும், விஷயம் இவ்வளவுதான். இதைப் புதிதாகச் சேருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே ஒரு வீடியோவைப் பார்த்து ஏமாந்தேன் என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வீடியோவில் ஒரு கை வரும். கப்பைப் பக்கவாட்டில் தள்ளும், கப் ஆடும், விழாது. மறுபடி ஓங்கித் தட்டும், அப்போதும் விழாது. பிறகு அதே கை கப்பை அலட்டிக்கொள்ளாமல் மேலே தூக்கிக்கொண்டு போகும். அந்தக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எத்தனை முறை பார்த்திருந்தால் அது மனசில் பதிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே பெரிய எழுத்தில் மூன்று வாசகங்கள்: விண்வெளித் தொழில்நுட்பம், மருத்துவத் தர சிலிகான், 30 கிலோ இழுவை தாங்கும். ஆர்டர் போட்டுவிட்டேன்.

அக்கா மட்டும் சொன்னாள், "டேய், கப்பை அந்தப் பக்கம் தள்ளி வெச்சா போதாதாடா? இதுக்கு ஒரு மெஷினா?" என்று. நான் காதில் வாங்கவில்லை.

வந்த அன்று கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்தோம். வீடியோவில் காட்டியது அப்படியே நடந்தது. அக்காவே இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். ஆனால் நான் வேலை செய்வது மர மேசையில். அங்கே கொண்டுபோய் வைத்தால் சாதாரணக் கோப்பை போலச் சாய்ந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன். அடியைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன். மேசையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். மூன்றாவது பதிலில்தான், மரம், துணி, சொரசொரப்பான பரப்பு எதிலும் பிடிக்காது என்ற உண்மை வெளியே வந்தது. அதற்குத் தீர்வாக வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் வட்டத்தை, அடியில் பசையோடு, தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதை மேசையில் ஒட்டி, அதன் மேல் ஸ்டாண்டை வைத்தேன். பிடித்தது.

இங்கேதான் நான் சறுக்கினேன். இதை வாங்குவதற்கு முன்னால் என் கப் எப்போதும் மேசைக்குக் கீழே, இடது பக்கம் ஒரு குட்டை ஸ்டூலில் இருக்கும். எத்தனையோ வருஷப் பழக்கம். கவிழ்ந்தால் தரைதான் நனையும். ஸ்டாண்ட் நன்றாகப் பிடிக்க ஆரம்பித்த ஒரு வாரத்தில் கப் ஸ்டூலிலிருந்து மேசை ஓரத்துக்கு ஏறியது. அப்புறம் மவுஸுக்குப் பக்கத்தில். கடைசியில் கீபோர்டை ஒட்டி. மூடியையும் விட்டுவிட்டேன், எதற்கு மூடி என்று. பொருள் சரியில்லை என்றால் தூக்கிப்போட்டுவிட்டுப் போய்விடலாம். இது முக்கால்வாசி நேரம் சரியாக வேலை செய்ததுதான் வினையாகப் போனது.

நடந்தது இதுதான். ஹெட்போன் மாட்டி ஒரு கூட்டத்தில் இருந்தேன். அதன் ஒயர் கப்பின் கைப்பிடிக்குள் வளைந்து மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கூட்டம் முடிந்து சட்டென்று எழுந்தேன். ஒயர் கப்பை மேலே இழுத்தது, ஸ்டாண்ட் சமர்த்தாகப் பிடியை விட்டது, முக்கால் கப் டீ கீபோர்டின் மேல் தலைகீழாகக் கொட்டியது. சர்க்கரை போட்ட டீ. லேப்டாப் ஒரு நொடி ஒளிர்ந்து, திரை ஊதாவாக மாறி, அணைந்தது. சார்ஜரைப் பிடுங்கி, கூரை மாதிரிக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாள் ஈரம் காயவிட்டு, பழுது பார்க்கக் கொடுத்தும் பயனில்லை. பழுது பார்க்கிறவர் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். கீபோர்டின் படலங்களுக்கு நடுவே பிசுபிசுவென்று பழுப்புக் கோடு, போர்டில் சார்ஜ் ஏறும் இடத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. "தண்ணின்னா கூடப் பார்த்திருக்கலாம் சார், சர்க்கரை உள்ள போயிடுச்சு" என்றார். திரவம் சிந்தினால் வாரண்டி கிடையாது என்பது பெரும்பாலான வாரண்டிச் சீட்டுகளில் இருப்பதுதான், அந்தக் கதவும் மூடியது.

ஆத்திரத்தில் ஸ்டாண்டைப் பிரித்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், இதன் சூட்சுமம் மிகச் சின்னது. அடியில் மெல்லிய ரப்பர் வட்டம். கப்பைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த வட்டம் எழும்பப் பார்க்கிறது. அடியில் காற்று நுழைய வழி இல்லாததால், வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் அதைக் கீழேயே அமுக்கிப் பிடிக்கிறது. சரி, அப்படியானால் நாம் எப்படித் தூக்குகிறோம்? நடுவில் ஒரு ஸ்பிரிங்கும் குன்றிமணி அளவு ரப்பர் அடைப்பும் இருக்கின்றன. மேல்நோக்கி இழுத்தால் உடல் பகுதி சில மில்லிமீட்டர் எழும்பி, அடைப்பு திறந்து, காற்று உள்ளே போய்விடுகிறது. பிடி விட்டுவிடும். தூக்குவது கையா ஒயரா என்று அந்த அடைப்புக்குத் தெரியாது. சட்டைக் கை மாட்டினாலும், பை வார் மாட்டினாலும், பூனை தலையை நுழைத்து நிமிர்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். என் ஸ்டாண்டில் பழுது எதுவும் இல்லை என்பதைத்தான் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேலே இழுத்தால் விட்டுவிடுகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி விளம்பரத்தில் எங்குமே இல்லை.

விண்வெளித் தொழில்நுட்பமாம். ஓட்டோ ஃபான் கெரிக்கே என்ற ஜெர்மன் விஞ்ஞானி இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்துக் காட்டினாரே, அதே காற்றழுத்தம்தான் இது. 1650-களில் மாக்டபர்க் நகரில் காட்டியபோது 16 குதிரைகள் இழுத்தன. அவராவது பம்பு வைத்துக் காற்றை எடுத்தார். இவர்கள் அதுகூட இல்லை.

அடுத்தது அந்த 30 கிலோ. ரப்பர் வட்டத்தை அளந்தேன், விட்டம் 6 சென்டிமீட்டர். பரப்பளவு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1.03 கிலோ எடையளவுக்கு அமுக்குகிறது. அடியில் துளிக் காற்றுகூட இல்லாத முழு வெற்றிடமே இருந்தாலும் 29 கிலோவுக்கு மேல் தாங்க இயற்கையில் இடமில்லை. நிஜத்தில் அதன் பக்கத்தில்கூடப் போகாது. அதோடு, சக்ஷன் பிடி ஓரத்திலிருந்துதான் உரியும். கப்பின் அடிப்பகுதியில் தள்ளுவதும் வாய் விளிம்பில் தள்ளுவதும் ஒன்றல்ல. மேலே போகப் போக நெம்புகோல் மாதிரி. வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தக் கை ஒரு முறைகூடக் கப்பின் இடுப்புக்கு மேல் போகவில்லை.

பிடிக்காத பரப்பில் இந்த ஸ்டாண்டால் என்னதான் லாபம் என்றும் கணக்குப் பார்த்தேன். என் கப்பின் அடி விட்டம் 6 சென்டிமீட்டர், எடை மையம் தோராயமாக 6 சென்டிமீட்டர் உயரத்தில். சுமார் 27 டிகிரி சாய்ந்தால் விழும். ஸ்டாண்டின் அடி 9 சென்டிமீட்டர், ஆனால் அது கப்பை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தியும் விடுகிறது. கணக்குப்படி 31 டிகிரி. நாலு டிகிரி! அதுவும் உள்ளே இருக்கிற ரப்பர் விரல்கள் கப்பை ஆடாமல் பிடித்திருந்தால்தான். அடியில் இரும்புத் தகடு ஒன்றை வைத்திருந்தாலாவது தள்ளினால் நிமிர்ந்து நிற்கும் தலையாட்டி பொம்மை மாதிரி ஏதோ உதவியிருக்கும். பிரித்தால் வெறும் பிளாஸ்டிக் கூடு.

மருத்துவத் தர சிலிகான் கதையும் பாக்கி இருக்கிறது. பசை வட்டத்தைப் பிறகுதான் ஒட்டினேன் என்று சொன்னேனே, அதற்கு முன்னால் பல நாள் இரவு பகலாக ஸ்டாண்ட் நேராக வார்னிஷ் மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மங்கலாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி ஒரு வளையம். சிலிகான் இப்படிச் செய்யாதே என்று சந்தேகம். ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், புகையை உறிஞ்சி வெளியேற்றுகிற பெட்டிக்குள் வைத்து, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரப்பரில் ஒற்றித் திரும்பத் தீயில் காட்டினேன். தீ பளிச்சென்று பச்சையாக எரிந்தது. இது பெயில்ஸ்டீன் சோதனை, பச்சைத் தீ என்றால் குளோரின் போன்ற ஹாலஜன் இருக்கிறது என்று அர்த்தம். சிலிகானில் குளோரின் கிடையாது, பிவிசி என்கிற மலிவான பிளாஸ்டிக்கில் உண்டு. பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள்தான் கசிந்து வார்னிஷை இளக்கியிருக்கிறது. வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை. ஒரு துணுக்கைக் கத்தரித்து எரித்தால் சிலிகான் வெள்ளைச் சாம்பலாகும் என்றும் சொல்வார்கள், அதையும் வெளியே யாராவது செய்யட்டும்.

இவ்வளவையும் படம் எடுத்து, கணக்கு எழுதி அனுப்பினேன். "அன்பான வாடிக்கையாளரே, தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்த பதில், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று முடிந்தது. பிரிக்காமல் இருந்திருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். பயன்படுத்திய பொருளை எடுப்பதில்லை என்றார்கள். பசை வட்டம் ஒட்டியதால் 'வேற்றுப் பரப்பில் பயன்படுத்தியது' ஆகிவிட்டதாம். அனுப்பியது அவர்கள்தான்! கடைசியில் பெட்டிக்குள் இருந்த சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி: 'மின்னணுச் சாதனங்களுக்கு அருகில் பயன்படுத்த வேண்டாம்.' விளம்பரப் படத்தில் ஸ்டாண்ட் எங்கே இருந்தது தெரியுமா? திறந்த லேப்டாப்புக்குப் பக்கத்தில். அந்தப் படத்தையும் அனுப்பினேன். அதோடு பதில் நின்றது.

நட்சத்திரங்களை நம்பி வாங்கினேன் என்பதால் அதையும் பின்னாடிப் போய்ப் படித்தேன். பாதிப்பேர் பொருள் வந்த அன்றே எழுதியவர்கள், 'பேக்கிங் சூப்பர்' வகை. இன்னும் சில மதிப்புரைகளில் 'போனை நன்றாகத் தாங்குகிறது', 'கோணம் மாற்ற வசதி' என்றெல்லாம் இருந்தன. வேறு ஏதோ பொருளுக்கு வந்த மதிப்புரைகளை வைத்துக்கொண்டு, அதே பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை நான் முதலிலேயே படித்திருந்தால் மர மேசைப் புலம்பலையாவது பார்த்திருப்பேன். மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

இந்த வகைப் பொருள் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியிலோ பாலிஷ் போட்ட கல்லிலோ தூசியும் எண்ணெய்ப் பசையும் இல்லாமல் வைத்தால் பிடிக்கத்தான் செய்கிறது. கை இடறித் தட்டிவிடுகிற வீட்டில் அதற்கும் பயன் உண்டு. வாங்கத்தான் வேண்டும் என்றால், நீங்கள் வைக்கப்போகிற அதே மேசையில், வெறும் தண்ணீர் ஊற்றி, வாய் விளிம்பில் விரல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிச் சாய்வாக மேலே இழுத்துப் பாருங்கள். நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், மூடி போட்ட, அடி அகலமான கனத்த கப், பழைய குட்டை ஸ்டூல். ஒயர் மேசைக்குப் பின்பக்கமாகப் போகிறது. அக்கா எதுவும் சொல்லவில்லை, ஸ்டூலைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

இதை எழுதுவதற்கு முன் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. வேறு பெயரில், வேறு நிறத்தில், இப்போது 40 கிலோ தாங்கும் என்று ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வீடியோவை ஓடவிட்டேன். கண்ணாடி மேசை, கப்பின் இடுப்பில் தள்ளுகிற கை, கட்டைவிரல் நகத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி.