பழைய எம்எம் 540 ஜீப்புக்கு எம்டிஐ இன்ஜின்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கிறீர்கள், இன்ஜின் உட்கார்ந்துவிட்டது, வேறு டீசல் இன்ஜின் போடணும் என்று தேடுகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். எங்கள் வீட்டு எம்எம் 540இல் பழைய பெஜோ இன்ஜினை இறக்கிவிட்டு மஹிந்திராவின் 2.5 லிட்டர் எம்டிஐ டீசல் இன்ஜினை ஏற்றினோம், இன்றைக்கும் அதில்தான் வண்டி ஓடுகிறது. ஓடுவதெல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம், சந்தை நாளில் தக்காளி கிரேட் ஏற்றிக்கொண்டு இராயக்கோட்டை. எங்கள் பக்க மலைக்கும் மண் ரோட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான இன்ஜின் இல்லை என்பது என் முடிவு. ஆனால் எல்லா ஜீப்புக்கும் இதையே போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் பழைய இன்ஜினைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். எம்எம் 540இல் கம்பெனியிலிருந்து வந்தது பெஜோ எக்ஸ்டிபி 4.90. 2112 சிசி, 62 குதிரைத்திறன், 121 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் முறுக்கு. போர் (சிலிண்டரின் அகலம்) 90 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83தான், அதனால் நன்றாகச் சுற்றும், சத்தமும் அதிர்வும் டீசலுக்குக் குறைவு. தர்மபுரியிலிருந்து சேலம் வரை ஹைவேயில் போகிறவருக்கு அது இன்றும் சுகமான இன்ஜின். குறை எங்கே என்றால், லோடோடு மேட்டில் ஏறும்போது சுற்றை விட்டால் சக்தி விழுந்துவிடும், உடனே கியரைக் குறைத்து மிதிக்கணும், மிதித்தால் சூடு ஏறும். மார்கழி விடியற்காலையில் தேன்கனிக்கோட்டை குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலும் நன்றாக இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். எங்களுடையதில் பேக் கம்ப்ரஷன் வந்து, அதாவது தேய்ந்த ரிங் வழியாக வாயு கீழே கசிந்து, ஆயில் மூடி வழியாகப் புகை கக்க ஆரம்பித்தபிறகுதான் மாற்று இன்ஜின் என்ற பேச்சே வந்தது.

உங்கள் பெஜோ பிளாக் நன்றாக இருந்து லைனர், பிஸ்டன், ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் ஓவர்ஹால் செய்துவிடுங்கள், டீசல் பம்பையும் நாசிலையும் கொடுத்து அளவு வைத்து வாங்குங்கள். வேறு இன்ஜினைத் தேடி அலைவதைவிட அது நல்லது. எங்களுக்கு அந்த வழி இல்லை, பிளாக்கிலேயே வெடிப்பு இருந்தது.

இன்ஜின் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன். நானும் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, பின்னாடி என்ன கியர் பாக்ஸ், என்ன கிரவுன் இருக்குன்னு மொதல்ல பாரு, அப்புறம் இன்ஜினைத் தேடு." இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பேச்சிலேயே உருப்படியானது இதுதான், ஏன் என்று விளக்குகிறேன்.

பழைய வில்லிஸ் வழியில் வந்த ஜீப்புகளில் டிஃபரன்ஷியல் விகிதம் 5.38, அதாவது ஆக்ஸிலில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதை ஓட்டும் சின்ன பினியனில் 8. சிலவற்றில் 4.88 இருக்கும், 39க்கு 8. உங்கள் வண்டியில் எது என்று பல்லை எண்ணிப் பார்த்துவிடுங்கள். 16 அங்குல ஜீப் டயருக்குக் கணக்குப் போட்டால், டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றும்போது 5.38இல் வண்டி மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் போகும், 4.88இல் 80ஐக் கொஞ்சம் தாண்டும். பெஜோ 4500 வரை சுற்றுகிற இன்ஜின் என்பதால் 5.38 அதற்கு உறுத்தாது. எம்டிஐ 3200 சுற்றுக்குள் தன் முழு வேலையையும் முடித்துக்கொள்கிற இன்ஜின், அதை 5.38 பின்னால் வைத்துக்கொண்டு ஹைவேயில் 90இல் போக நினைத்தால் இன்ஜின் கதறும். மலையில் 30இல் போகிறவருக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. ஆக, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் எல்லாரும் ஆசைப்படுகிற சிஆர்டிஇ, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது வகை டீசல் இன்ஜின். 2010இல் மஹிந்திரா தார் ஜீப் வந்தபோது அதில் இருந்த 2.5 சிஆர்டிஇ 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். பெஜோவின் டார்க்கைப் போல இரண்டு மடங்கு. அந்த முறுக்கு முதல் கியர், லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் நிலை), 5.38 என்று ஒவ்வொரு இடத்திலும் பெருகிப் பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேரும்போது, அந்தப் பழைய ஷாஃப்ட் எவ்வளவு தாங்கும்? கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறவருக்கு அது சரி. இன்ஜினை மட்டும் மாற்றுகிறவருக்கு இல்லை. இதோடு ஈசியு என்கிற கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் வேறு. அஞ்செட்டி காட்டு ரோட்டில் ஒரு சென்சார் போய் வண்டி நின்றால் ஸ்கேனர் கொண்டுவர ஆள் எங்கிருந்து வருவார்? யானை நடமாடும் பாதை அது, பொழுது சாய்ந்தபின் அங்கே நிற்கக் கூடாது. எங்களுக்கு ஸ்பேனரால் சரியாகிற இன்ஜின்தான் வேண்டும்.

டெம்போ டிராக்ஸில் வந்த 2.4 லிட்டர் ஓஎம் 616, மெர்சிடிஸ் வழி இன்ஜின், அதையும் சிலர் ஜீப்பில் போட்டிருக்கிறார்கள். உழைக்கிற இன்ஜின்தான், மறுக்கவில்லை. ஆனால் வேறு கம்பெனி என்பதால் காகிதத்தில் சிக்கல், அதைப் பிறகு சொல்கிறேன். பெஜோவின் பெரிய அண்ணன் எக்ஸ்டி3பி, 2498 சிசி, 72 குதிரைத்திறனுக்கு மேல், முதல் பொலேரோக்களில் வந்தது. நல்லதாகக் கிடைத்தால் 540க்கு அழகாக இருக்கும். நாங்கள் தேடியபோது கண்ணில் பட்டவை எல்லாம் ஏற்கெனவே வதைபட்டவை.

மிஞ்சியது எம்டிஐ. 2523 சிசி, போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர். அங்குலத்தில் மூன்றரைக்கு நாலு. மஹிந்திராவின் பழைய இன்டர்நேஷனல் பி 275 டிராக்டர் இன்ஜினிலும் இதே நாலு அங்குல ஸ்ட்ரோக்தான், ஓட்டினால் அந்த டிராக்டர் குணம் காலிலேயே தெரியும். டர்போ வைத்த வகை தார் டிஐயில் 63 குதிரைத்திறன், 182.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500 சுற்றிலேயே. எங்களுடையது டர்போ இல்லாத பழைய வகை, டார்க் அதைவிடக் குறைவு, ஆனால் அடியிலேயே இழுக்கிற பழக்கம் அப்படியே இருக்கிறது. பொலேரோ, பிக்கப், மேக்ஸ் என்று ஓடின குடும்பம் என்பதால் பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் எங்கே கேட்டாலும் கேஸ்கட், ஃபில்டர், பேரிங் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கும்போது நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகணும். ஒரு வியாபாரி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார், சாவியைத் திருப்பின உடனே ஸ்டார்ட் ஆனது, புகையே இல்லை. மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் புறங்கையை பிளாக்கில் வைத்தார். நாங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். "ஆறட்டும், டீ குடிச்சுட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு மதியத்துக்கு மேல் திரும்பிப் போனோம். ஆறின இன்ஜின் நெடுநேரம் சுற்றின பிறகுதான் பிடித்தது, நீலப் புகை. ஆயில் மூடியைத் திருகாமல் வாயில் சும்மா வைத்தால் அது தட்டித் தட்டித் துள்ளிக் கீழே விழுந்தது. ரிங் போன இன்ஜின். வேண்டாம் என்று வந்துவிட்டோம். பிறகு வாங்கியது அழுக்குப் பிடித்தது, வாட்டர் பம்ப் ஒழுகியது, ஆனால் குளிரில் பிடித்தது, மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெயிண்டைப் பார்க்காதீர்கள், மூடியைப் பாருங்கள். கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள், கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்ஜினுக்குக் கொடுத்த காசுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு பொருத்தும் வேலைக்கும் போகும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), ஃப்ளைவீல், க்ளட்ச் செட் எல்லாம் அந்த இன்ஜினோடவே சேர்த்து வாங்குங்கள், தனியாகத் தேடினால் லேத்தில் அடாப்டர் பிளேட் கடைவதற்கு அலையணும். அந்த பிளேட்டில் சென்டர் தலைமயிர் அளவு விலகினாலும் கியர் பாக்ஸ் இன்புட் பேரிங் கத்தும். இன்னொன்று சம்ப், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. டூ வீல் டிரைவ் வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினின் சம்ப் நம் முன் ஆக்ஸிலுக்கு இடம் விடாமல் போகலாம். சும்மா நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது, குழியில் விழும்போது ஆக்ஸில் மேலே வரும் இல்லையா, அந்த அளவு இடைவெளி விட்டுத்தான் மவுண்டிங்கை வெல்டிங் அடிக்கணும். முன்பக்கம் கனம் கூடியதால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தோம். பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டியானால் ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், பூஸ்டர் வேலை செய்வது அந்த வேக்குவத்தில்தான். அது இல்லாமல் லோடோடு மலை இறங்குவது உயிர் விஷயம்.

ஓட்டினால் எப்படி? பெட்டமுகிலாளம் ஏற்றத்தில் பெஜோ முதல் கியர் கேட்ட வளைவுகளை இது இரண்டாவதிலேயே, அவசரப்படாமல், டுக்கு டுக்கு என்று ஏறிவிடுகிறது. இறங்கும்போது லோ ரேஞ்சில் போட்டால் பிரேக்கை எப்போதாவதுதான் தொட வேண்டியிருக்கிறது. மழையில் சேற்றில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே நகர்கிறது, சக்கரம் வீணாகச் சுற்றுவதில்லை. ஹீட்டர் பிளக் கவலை கிடையாது. குறைகளும் உண்டு: ஐடிலில் அதிர்வு அதிகம், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி ஆடும், போல்ட் நட்டுகளை அடிக்கடி முறுக்கிப் பார்க்கணும். சத்தமும் கூட. தொப்பூர் பக்கம் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போகும்போது இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் தேவலை என்று தோன்றும். வீட்டில் அம்மா இந்த வண்டியில் சேலம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அது நியாயம்தான்.

காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. நாங்கள் மாற்றியது அதற்கு முன்பு. இன்றைக்குச் செய்கிறவர்கள் வண்டியைப் பட்டறைக்குள் விடுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் வண்டி எம்டிஐயோடவே வந்த மாடல் என்றால் அதே வகையைப் போடுவதுதான் சுலபமான வழி. பெஜோ வண்டி என்றால் பெஜோவையே தேடுவது பாதுகாப்பு. வேறு கம்பெனி இன்ஜின் பக்கமே போகாதீர்கள். நம்பர் டிஎன் 29 (தர்மபுரி) என்று இருந்து, 2004இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபின் கிருஷ்ணகிரி பக்கம் வந்துவிட்டவர்கள் ஃபைல் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். இன்ஜின் விற்கிறவரிடம் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பதற்கான காகிதமும் வாங்குங்கள். பிளாக்கில் அடித்த நம்பர் பில்லில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போகணும், அந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டின தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம்பர் மாறினால் ஆர்சியிலும் இன்சூரன்ஸிலும் ஏற்றிய பிறகே வண்டியை ரோட்டுக்கு எடுங்கள்.